அந்தப் பந்தைத் தொலைத்தது அந்தப் பெண் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் நடந்த பாஸ்கெட்பால் மேட்ச்சில் நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் நான்கு பாயிண்டில் தோற்றார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பெண்கள். கடைசி நிமிடத்தில் எங்கள் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை முன்னால் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பெண், கொடுத்த பாஸை எதிரணிப் பெண் குறுக்கே புகுந்து பிடித்து, அப்படியே ஓடிப்போய் ரிங்குக்குப் பக்கத்திலிருந்து லே-அப் போட்டுவிட்டாள். கடலூர் திரும்பும் பஸ்ஸில் கன்னியக்கோயில் தாண்டியும் எங்கள் பெண் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தை எடுக்கவே இல்லை. பின்சீட்டில் ஒரு அப்பா, "அந்த ஒரு பாஸ்லதான் போச்சு" என்றார். இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அப்போதே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த பாஸ் தப்புதான். ஆனால் வேறு யாருக்குக் கொடுத்திருப்பாள்? இடைவேளைக்குப் பிறகு அவர்கள் 2-3 ஜோன் போட்டார்கள், ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காக்கிற டிஃபென்ஸ். முன்னால் இருவர், பின்னால் மூவர். நான் மாதக்கணக்கில் பழக்கியதெல்லாம் ஆளுக்கு ஆள் பிடிக்கிற டிஃபென்ஸை உடைக்கத்தான். ஜோனை எதிர்த்து ஒரு நாள்கூட முழுசாக ஆடவிட்டதில்லை. ஐந்து பேரும் வெளியே வளைந்து நின்று பந்தை இடமும் வலமும் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஷாட் எடுக்கக் கிடைக்கும் 24 வினாடி அதுபாட்டுக்கு ஓடியது.

இந்த ஜோனில் ஓட்டை இருப்பது நடுவில், ரிங்குக்கு நேர் எதிரே இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம். அங்கே ஒருத்தி வந்து பந்தை வாங்கினால் முன்வரிசை இருவரின் முதுகுக்குப் பின்னால் பந்து போய்விடும். பின்வரிசையின் நடு ஆள் அவளைப் பிடிக்க மேலே ஏறி வரவேண்டும். ஏறினால் ரிங்குக்கு அடியில் இடம் காலி, ஏறாவிட்டால் நின்ற இடத்திலேயே ஷாட் எடுக்கலாம். எங்கள் அணியில் யாருமே அங்கே போகவில்லை.

ஏம்மா போகவில்லை என்று, ரிங்குக்குப் பக்கத்தில் போஸ்ட் ஆடும் பெண்ணிடம் கேட்டேன். "மூணு செகண்ட் கூப்பிட்டுருவாங்கன்னு பயம் சார்" என்றாள். ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் தாக்கும் அணி ஆள் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது, அந்த விதியைச் சொல்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக கோர்ட் ஓரத்தில் நின்று "மூணு செகண்ட், வெளிய வா!" என்று கத்தியவன் நான்தான். ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஒரு அடி வெளியே நின்றால் அந்தக் கணக்கே கிடையாது என்பதை ஒரு தடவையாவது நிற்கவைத்துக் காட்டியிருக்கலாம்.

கத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்ச்சுக்கு நடுவில் கத்தினால் பிள்ளை திருந்தாது, நம் முகத்தைப் பார்க்கத்தான் பழகும். பந்து கைநழுவியதும் என் பெண்கள் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குள் எதிரணி பாதி கோர்ட் தாண்டிவிடுகிறது. தோற்ற மறுநாள் பத்து ரவுண்டு ஓடவிடும் வழக்கமும் எனக்குப் பிடிக்காது. ஓடினால் மூச்சு கூடும், ஆள் இல்லாத இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடுமா?

திங்கட்கிழமை பந்தையே எடுக்கவில்லை. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோர்ட் வரைந்து, எதிரணிக்கு ஐந்து செங்கல் துண்டு, எங்களுக்கு ஐந்து கூழாங்கல் கொடுத்து, அந்தக் கடைசி நிமிடத்தை வைத்துக் காட்டச் சொன்னேன். பாயிண்ட் கார்டு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு கல்லை எடுத்து ஃப்ரீ த்ரோ கோட்டில் வைத்து, "சார், இங்க யாருமே இல்ல சார்" என்றாள். அவளாகச் சொன்னது. நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது, இல்லாத ஆட்டம். பந்து கைக்கு வந்ததும் தரையில் ஒரு தட்டு தட்டுவது எல்லாப் பிள்ளைக்கும் உள்ள பழக்கம். தட்டும்போது தலை குனிகிறது, டிரிபிளும் வீணாகிறது. பாஸ்கெட்பாலை உருவாக்கிய நெய்ஸ்மித் 1891-ல் எழுதிய 13 விதிகளில் டிரிபிளே இல்லை, பிடித்த இடத்திலிருந்து பந்தை வீச வேண்டும். கையில் பந்தோடு நிமிர்ந்து பார்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. எங்களுடையது திறந்தவெளி கோர்ட். சாயங்காலம் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வீசும் கடல்காற்றில் தூரத்து ஷாட் தள்ளிப்போகும், அதனாலும் பந்தை உள்ளே கொண்டுபோகத் தெரிந்தாக வேண்டும்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரும்பி வரும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேளுங்கள், பதில் சொல்ல வேண்டியவன் நான்.

புதன்கிழமை ஜோன் போட்டு ஆடவிட்டேன். போஸ்ட் பெண் நடுவில் வந்து கை நீட்டினாள், யாரும் கொடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை பாயிண்ட் கார்டு கொடுத்தாள். வாங்கித் திரும்பியவள் கார்னரில் காலியாக நின்றவளுக்குத் தள்ளினாள். ஷாட் ரிங்கில் பட்டு வெளியே போனது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஐந்து பேரும் ரீபவுண்டுக்குத்தான் ஓடினார்கள்.