சேனல் அடைபடவில்லை, போய்ச் சேரவே இல்லை
சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் 'செல் சவ்விலுள்ள குளோரைடு சேனல் அடைத்துக்கொள்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். மிகப் பரவலான எஃப்508டெல் என்ற மரபணு மாற்றத்தில் நடப்பது அதுவல்ல. அந்தச் சேனலாக வேலை செய்யும் சிஎஃப்டிஆர் புரதத்தின் 1480 அமினோ அமிலங்களில் 508-ஆவது இடத்து ஃபினைலாலனின் ஒன்று விடுபடுவதால் புரதம் சரியாக மடிவதில்லை, செல் அதை புரதங்கள் மடியும் இடமான எண்டோபிளாச வலையிலேயே பிடித்து நிறுத்தி, அழிப்பதற்கான அடையாளமாக யூபிக்விட்டினை ஒட்டி, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பி அழித்துவிடுகிறது. சவ்வுக்கு வந்து சேருவது மிகச் சொற்பம். உடல் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் செல்களை வளர்த்தால் இதே புரதம் சவ்வுக்கு வந்து குளோரைடைக் கடத்துகிறது என்று 1992-லேயே காட்டிவிட்டார்கள். சரி, வந்த பிறகும் அது திறப்பதில் குறை இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் மடிப்பைச் சீராக்கிச் சவ்வுக்கு அனுப்ப எலெக்ஸாகாஃப்டர், டெசாகாஃப்டர், அப்புறம் திறக்கவைக்க ஐவாகாஃப்டர் என மூன்று மருந்துகளையும் சேர்த்துத் தருகிறார்கள். சவ்வுக்கு வந்தும் திறக்காமல் நிற்பது ஜி551டி என்ற வேறொரு மாற்றத்தில். தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.