கொழும்புக் கிலோமீட்டரும் எங்கள் கிலோமீட்டரும் ஒன்றில்லை

மூன்று நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் மலைநாட்டு டவுன் ஸ்டேஷன் வாசலில் போன் ஆப்பில் கூப்பிட்டு வந்த ஆட்டோவை ஆட்டோ ஸ்டாண்ட்காரர்கள் மறித்தது, வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் பையோடு இறங்கி மழையில் நின்றது, எல்லாம் பார்த்தாச்சு. மறித்தது பிழை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அதற்குக் கீழே ஒருத்தர் "கொழும்பில் இதே தூரத்துக்கு இவ்வளவுதான், மலைநாட்டு ஆட்டோக்காரன் எல்லாரும் கள்ளன்" என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். என் நண்பர்களே அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

கொழும்புக் கிலோமீட்டரும் எங்கள் கிலோமீட்டரும் ஒன்றில்லை. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் நேராகப் போகிற மூன்று கிலோமீட்டரும், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனுக்கு, நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு, ஏறுகிற மூன்று கிலோமீட்டரும் எழுத்தில் மட்டும்தான் ஒன்று. எங்கள் ரோட்டுக்குக் கடைசியாகத் தார் போட்டது எப்போது என்று அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. பாதி தூரம் ஃபர்ஸ்ட் கியர்தான். மழை பெய்தால் கோயில் வளைவில் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும், வண்டி பின்னுக்கு உருண்டுவிடாமல் ஒருத்தர் கையில் கல்லோடு டயருக்குப் பின்னாலேயே நடக்கவேண்டும். எங்களுக்கு வழக்கமாக வரும் அண்ணன் அந்தக் கல்லைச் சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்ட கல். எங்களை விட்டுவிட்டு இறங்கும்போது அவருக்கு ஹயர், அதாவது சவாரி, கிடைக்குமா? பிரேக் சூடேறிய வாடையோடு வெறும் வண்டிதான் இறங்கும். அந்த இறக்கத்துக்கு யார் காசு கொடுப்பது?

நான் ஆப்புக்கு எதிரி இல்லை. பிக்மீ 2015இல் கொழும்பில் வந்தது, அதே வருஷக் கடைசியில் ஊபரும் வந்தது, அதற்கு முன்னாடி அங்கே ஆட்டோவில் ஏற நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நம்ம தமிழைக் கேட்டதும் விலை ஏறும். இப்போது ஏறுவதற்கு முன்னாலேயே எவ்வளவு என்று தெரிகிறது, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. என் தங்கை அங்கேதான் வேலை செய்கிறாள். இரவு பத்து மணிக்கு அவள் ஏறினால், போனில் நகருகிற அந்தச் சின்ன வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவள் போர்டிங்கில் இறங்கிய பிறகுதான் நான் படுப்பேன். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கொழும்புக்கு அது சரி. நான் சொல்வது, அந்த விலையைக் கொண்டுவந்து மலைமேல் வைத்து அளக்காதீர்கள் என்றுதான்.

போன வருஷம் சென்னைக்குப் போனபோதும் இதைத்தான் யோசித்தேன். அங்கே ஆட்டோவுக்கு 2013இல் அரசாங்கம் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பத்து வருஷத்துக்கு மேலாகியும் அதே கட்டணம்தான் என்றால் யார் மீட்டர் போடுவார்கள்? ஆப்பில் கூப்பிட்டால், டிரைவர் போன் எடுத்து "எங்க போகணும், காசா, ஜிபேயா" என்று கேட்டுவிட்டு கேன்சல் பண்ணுகிறார். வெயிலில் நாலு தடவை கேன்சலாகி நின்றேன். பிறகு நீலகிரி மலையில் இருக்கிற கோத்தகிரிக்குப் போனேன். இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எங்கள் பெரியம்மா குடும்பம் அங்கேதான், அதே தேயிலை, அதே ஏற்றம். பெரியம்மா மகன் அண்ணன் ஆப்பைத் தொடவே இல்லை, ஸ்டாண்டில் இருக்கிற பையனுக்கு ஒரு போன் போட்டார், "தெரிஞ்ச பையன், வந்துருவான்" என்றார், வந்தான். மலை என்றால் அப்படித்தான் நடக்கிறது, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"அப்படியானால் உங்கள் ஆட்கள் ஏன் ஆப்பில் சேரவில்லை, உழைக்கப் பயமா" என்று ஒருவர் கேட்டிருந்தார். சேர்ந்தார்கள் ஐயா. எங்கள் ஸ்டாண்டில் இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். பஜாரில் நிற்கும்வரை சிக்னல் இருக்கும், ஃபெக்டரி வளைவு தாண்டினால் போன் செத்துவிடும். ஆறு கிலோமீட்டர் வெறும் வண்டியாகப் போய் ஒரு கிலோமீட்டர் ஹயர் ஏற்றி, அதில் ஆப்புக்கும் கொடுத்து, மாதக் கடைசியில் வண்டிக்கு லீசிங் தவணையும் கட்டவேண்டும். டவுனுக்குள் சுற்றுவதற்கு ஓரளவு பரவாயில்லை என்கிறார்கள். தோட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது, அதனால் ஆப்பில் எங்கள் டிவிஷனுக்கு ஒருவரும் வருவதில்லை. நானே எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன், சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு நின்றுவிடும்.

வெள்ளைக்காரரிடம் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பது உண்மை. சீசனில் சிலர் அநியாயத்துக்குக் கேட்கிறார்கள், ஸ்டாண்டில் விலைப்பலகை ஒன்று மாட்டுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஹோர்டன் சமவெளிப் பூங்காவுக்குள் போவதற்கே அவர்களுக்கு ஒரு டிக்கெட், நமக்கு ஒரு டிக்கெட். அதை வைத்து அரசாங்கத்தை யாரும் கள்ளன் என்று வீடியோ போடவில்லையே.

2022 ஆகஸ்ட், பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம். பெட்ரோல் லீட்டர் 450 ரூபாய், கியூஆர் கோட்டைக் காட்டினால் ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீட்டர். இரவு ஒன்றரை மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. தோட்டத்து வண்டிக்கு டிரைவர் இல்லை என்றார்கள். சீட்டுக்கு அடியில் கல் வைத்திருக்கிற அந்த ஆட்டோ அண்ணனுக்குப் போன் போட்டேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "எந்தப் பக்கம் தங்கச்சி, மேல் லயம்தானே, நான் பீலியடியில திருப்பி நிறுத்துறேன், மாமாவை நடக்க விடாதீங்க" என்றார். பீலியடி என்றால் லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற இடம். சாரத்தோடு, ஸ்வெட்டரைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்பாவைக் கம்பளியோடு தூக்கிப் படி இறக்கியதும் அவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை இருந்தார். காசு எவ்வளவு அண்ணே என்றேன். "பத்தாம் திகதி சம்பளம் போட்டதும் பார்ப்போம்" என்றார். அந்த வாரத்துப் பெட்ரோலில் பாதிக்கு மேல் எங்களுக்கே போயிருக்கும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. மிச்ச நாளெல்லாம் அந்த வண்டி ஸ்டாண்டில் சும்மா நின்றதைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனேன்.

"ஒரு நல்லவரைக் காட்டி எல்லோரையும் நல்லவராக்காதே" என்பீர்கள். ஒரு வீடியோவைக் காட்டி எல்லோரையும் கள்ளனாக்கியது யார்?

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்டுவதற்கு நகரத்து நடுவில் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் தேறவேண்டுமாம், அதற்கு 'நொலெஜ்' என்றே பெயர். இங்கே ஸ்டாண்டில் நிற்கிற ஒருத்தருக்கு எத்தனை தோட்டம், எத்தனை டிவிஷன், எந்த லயத்துக்கு எந்தப் பக்கத்தால் ஏறவேண்டும், எந்தப் பாலம் மழைக்கு நிற்காது என்று எல்லாம் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் ரோடெல்லாம் மண் சரிந்து கிடந்தபோது எது திறந்திருக்கிறது என்று அவர்களைக் கேட்டுத்தான் நாங்கள் நடந்தோம். மேப்பைப் பார்த்து இல்லை.

மேப்பில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? ஆப்பில் எங்கள் வீட்டைக் குறித்தால் புள்ளி தேயிலைக்கு நடுவில் போய் விழுகிறது. எங்களுக்கு வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கிருந்து யார் கையிலாவது வரவேண்டும். என் முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் என் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து நாலு நாள். இன்னொரு வருஷம் காத்திருந்தேன். 1948இல் மலையகத் தமிழரான எங்களிடமிருந்து பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், அதைத் திரும்ப வாங்கவே ஒரு தலைமுறை போனது, விலாசம் இன்னும் வரவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களோடு கடைசி நாள் நானும் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து முதலில் வந்தபோது நடந்த வழி அது. அன்றைக்கு இதை நினைத்துத்தான் அழுதேன்.

எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது. ஆனால் எனக்கு இது எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்துதான் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பதிவுக்குக் கீழே மூன்றாவது கமெண்டில் ஒருவர் "தோட்டக்காட்டானிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் மக்களைக் கேவலப்படுத்துகிற சொல் அது, அதுவும் தமிழில். பதிவு போட்டவர் அதற்குச் சிரிக்கிற முகம் போட்டிருக்கிறார். விலையைப் பற்றிப் பேச வந்தவர் அதற்கு ஏன் சிரிக்கவேண்டும்? எங்கள் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர் ஒருவரின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள், அவளிடமும் போன் இருக்கிறது, அவளும் வாசித்திருப்பாள். திங்கட்கிழமை நான் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பாடம் எடுக்கவேண்டும்.

பதிவு போட்ட அந்தத் தம்பி இதை வாசிப்பார், நமக்குப் பொது நண்பர்கள் நிறைய. வீடியோ இருக்கட்டும், மறித்தவர்களைக் கேட்பதை நாங்களும் கேட்போம். அந்தக் கமெண்டை மட்டும் எடுங்கள். மீட்டரைப் பற்றி அப்புறம் பேசலாம், வேண்டுமானால் ஒரு நாள் வாருங்கள், ஸ்டாண்டிலிருந்து எங்கள் லயம் வரைக்கும் கூட்டிப்போகிறேன், ஹயர் காசு நான் கொடுக்கிறேன், கோயில் வளைவில் மட்டும் இறங்கித் தள்ளவேண்டி இருக்கும்.