குதி என்றால் குதிக்கும் வழிகாட்டி

இருந்த இடத்திலிருந்தே திரையில் ஓர் இடத்தைச் சுற்றிப் பார்க்கும் மெய்நிகர் சுற்றுலா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மில் பலர் அதற்காகத் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் கண்ணாடியின் விலையையும் படத்தின் துல்லியத்தையும் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பார்ப்பவர் கேட்டதற்கு அந்த இடம் பதில் சொல்கிறதா என்பதில்தான் இந்தச் சுற்றுலாவின் வெற்றி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு ஃபேரோ தீவுகளைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. வட அட்லாண்டிக்கில் நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே கிடக்கும் அந்த 18 தீவுகளில் மக்களைவிட ஆடுகள் அதிகம். பெருந்தொற்றால் பயணங்கள் நின்றுபோன 2020 ஏப்ரலில், அங்குள்ள சுற்றுலா அமைப்பு உள்ளூர்க்காரர் ஒருவருடைய தலையில் கேமராவைப் பொருத்தி நடக்கவிட்டது. உலகின் எந்த மூலையிலோ வீட்டில் அடைந்து கிடக்கும் ஒருவர் தம் கைபேசித் திரையில் உள்ள பொத்தானை அழுத்தினால், அந்த வழிகாட்டி இடப்புறம் திரும்புவார், ஓடுவார், குதி என்றால் குதிக்கவும் செய்வார். ஒருவருக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்தான். மற்றவர்கள் நேரலையில் பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். காற்றும் மழையும் மூச்சிரைப்பும் கலந்த அந்தக் காணொளியை அழகானது என்று சொல்ல முடியாது; ஆனால், நாம் சொன்னதற்காக ஒரு மனிதர் மலைச்சரிவில் திரும்பிப் பார்க்கிறார் என்ற உணர்வை எந்த விளம்பரப் படமும் தருவதில்லை. (தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ தங்கள் தீவுகளைக் கண்டுகொள்ளவில்லை என்று 2016-இல் ஆடுகளின் முதுகில் சுற்றிலும் படம்பிடிக்கும் 360 பாகைக் கேமராவைக் கட்டி மேயவிட்டவர்களும் இவர்களே. கூகுள் பிறகு கருவிகளை அனுப்பி வைத்தது.)

இதில் தகவல் தொழில்நுட்பத்தின் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்துவதற்கும் வழிகாட்டி திரும்புவதற்கும் இடையிலான தாமதம் கொஞ்சம் நீண்டாலும், இது நம் ஆட்டம் என்ற நினைப்பு கலைந்துவிடும். சுற்றிலும் பார்க்கக்கூடிய 360 பாகைப் படங்களிலும் இதே சிக்கல் உண்டு. முழுப் படத்தையும் ஒரே தரத்தில் அனுப்பினால் சாதாரணக் கைபேசி இணைப்பு திணறிப்போகும் என்பதால், படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, பார்ப்பவரின் பார்வை விழும் பகுதியை மட்டும் தெளிவாக அனுப்பும் முறை வந்திருக்கிறது. கிராமத்தில் இருக்கும் ஒரு மாணவி சாதாரணக் கைபேசியில் பார்க்க முடிகிறதா என்பதை நான் முதலில் கேட்பேன். கண்ணாடியின் விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நேரில் போகவே முடியாத இடங்களில் இதன் தேவை இன்னும் கூடுகிறது. பிரான்சின் லாஸ்கோ குகையில் 1940-இல் கண்டெடுக்கப்பட்ட தொல்பழங்கால ஓவியங்கள், பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் பட்டுக் கெடத் தொடங்கியதால், 1963-இல் அந்தக் குகையின் கதவைப் பொதுமக்களுக்கு அடைத்துவிட்டார்கள். அங்கே மெய்நிகர் உலாவை அசலுக்கு மாற்று என்று யாரும் குறைத்துப் பேச முடியாது. நமக்குத் திறந்திருக்கும் சில வாசல்களில் அதுவும் ஒன்று.

நம் பக்கம் வருவோம். நம் கோயில்கள் சிலவற்றின் 360 பாகைப் படங்களை இணையத்தில் திறந்து பார்த்திருக்கிறேன். அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த மண்டபம் வரும், அவ்வளவுதான். எதிரே நிற்கும் சிற்பம் யாருடையது, தூணில் உள்ள கல்வெட்டு என்ன சொல்கிறது என்று கேட்க ஆளும் இல்லை, எழுத்தும் இல்லை. செலவழித்து எடுத்த படம் வாய் திறக்காமல் நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் இருந்த சோழர் ஓவியங்கள் 1931-இல் வெளிப்பட்டன. அந்தக் குறுகிய பாதைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இருளும் இடநெருக்கடியும் சேர்ந்த அவ்விடத்தில் கூட்டத்தை விடாததும் சரியே. ஆகவே மெய்நிகர் உலாவுக்கு அதைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தோன்றவில்லை. சுவரில் விரல் வைத்தால் மேலடுக்கு விலகிக் கீழிருக்கும் சோழர் கோடு தெரிய வேண்டும். ஓவியம் அறிந்த ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரமாவது நேரலையில் வந்து, சுந்தரர் யானை மீது கயிலை செல்லும் காட்சியின் முன் நின்று, மதுரையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும்.