வெளிநாடு போவது யாருடைய முடிவு?

மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், மதுரை நகரத்துக்காரர்கள் வழக்கமாக இரண்டு காரணங்களைச் சொல்வார்கள். ஒன்று வறுமை, மற்றொன்று பணத்தாசை. இரண்டும் போகிறவரைத் தனி ஆளாக நிறுத்திப் பார்ப்பதால் இரண்டையும் நான் ஏற்பதில்லை. எங்கள் வட்டாரத்தில் விமானம் ஏறுகிறவர் ஒருவர். அவர் போக வேண்டும் என்று முடிவெடுப்பது வீடு.

வறுமைதான் காரணம் என்றால் இருப்பதிலேயே ஏழையான வீடுகளிலிருந்து அதிகம் பேர் போயிருக்க வேண்டும். நடப்பது வேறு. ஏஜெண்டுக்குக் கொடுக்கவும், சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கு முன்னால் பயிற்சி மையத்தில் தங்கி ‘டெஸ்ட் அடிக்கவும்’ (தொழில் திறன் தேர்வில் தேறவும்), அடகு வைக்க நகையோ எழுதிக் கொடுக்க நிலமோ வேண்டும். எதுவுமே இல்லாத வீட்டுப் பிள்ளை திருப்பூர் வரைக்கும்தான் போகிறான். 2015-இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர். கடன் வாங்கும் தகுதியாவது இருந்த வீடுகளின் பிள்ளைகள் அவர்களில் பெரும்பாலோர் என்பது என் கணிப்பு.

ஓடெட் ஸ்டார்க், டேவிட் ப்ளூம் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 1985-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். கூலி வித்தியாசத்தைத் தனி மனிதர் கணக்குப் பார்த்துக் கிளம்புவதாகச் சொல்வது போதாது. வருமானம் ஒரே இடத்தில் சிக்கி அழிந்துவிடாமல் இருக்கக் குடும்பம் தன் ஆட்களைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்புகிறது என்பது அவர்கள் வாதம். மேலூரில் இதைப் புரிந்துகொள்ளப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதில்லை. அங்கே பெரும்பகுதி ஒருபோகப் பாசனம். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் நாற்றுப் பாவுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். விவசாயம் கைவிட்ட ஆண்டுகளில் கைகொடுத்த கிரானைட் குவாரிகளும், 2012-இல் முறைகேடு வெளிப்பட்டபின் மூடப்பட்டன. மூடியது சரிதான் என்றே நினைக்கிறேன், ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன வழி என்பதை யாரும் யோசிக்கவில்லை. அண்ணன் வயலைப் பார்த்துக்கொள்ள, தம்பியை வெளியே அனுப்புகிற வீடு ஒரு மழையை மட்டும் நம்பியிருக்க விரும்பாத வீடு.

ஆனாலும், சாப்பாட்டுக்கு வழி இருக்கிற வீடும் ஏன் அனுப்புகிறது? இதற்கு விடை எங்கள் ஊர்ச் செய்முறையில், அதாவது உறவுக்காரர் விசேஷங்களுக்குச் சீரும் மொய்யும் செய்கிற வழக்கத்தில், இருக்கிறது. அக்காள் பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் தட்டுவரிசையோடும் கிடாயோடும் போய் நிற்க வேண்டும். மருமகள் சடங்குக்கு நகை போட வேண்டும். அதற்கும் பின்னால் கல்யாணச் சீர் காத்திருக்கிறது. நமக்கு வந்த மொய் அத்தனையும் நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கூட்டித் திருப்பிச் செய்யாவிட்டால் சபையில் தலை நிமிர முடியாது. கொத்தனார் கூலி இன்று மோசமில்லை. ஆனால் அது அன்றாடம் வந்து அன்றாடம் கரைகிற பணம். சேர்ந்தாற்போல் இரண்டு லட்சத்தை அதிலிருந்து எடுக்க முடியாது. வெளிநாட்டில் இருப்பவனிடம் தெருவில் மறித்து யாரும் கைமாற்றுக் கேட்க முடியாது, அவனும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் வந்து செலவழிக்க முடியாது. அந்தத் தூரமே அவனுக்கு உடைக்க முடியாத உண்டியல். ‘உள்ளூரிலேயே இவ்வளவு வேலை கிடக்கிறதே, ஏன் போகிறான்?’ என்று கேட்கிறவர்கள் கூலியை மட்டும் கூலியோடு ஒப்பிடுகிறார்கள். இந்த மொத்தத் தொகையின் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

வெளிப்படையாக யாரும் பேசாத காரணம் சாதி. சொந்த ஊரில் துடைப்பம் எடுக்க மாட்டேன் என்பவர் துபாய்க் கட்டடத்தில் தரை துடைக்கிறார், ஏனென்றால் அங்கே அந்த வேலையோடு அவருடைய சாதியைச் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. மறுபக்கம், காலங்காலமாக இன்ன வேலைக்கு என்று ஒதுக்கப்பட்ட சேரியிலிருந்து போகிற இளைஞருக்கு, யார் வீட்டு வயலிலும் கைகட்டி நிற்காமல் சம்பாதித்த பணம் என்பது சம்பளத்தைவிடப் பெரியது. அந்தப் பணத்தில் எழும் மாடி வீடு ஊரில் சிலருக்கு உறுத்துவதற்கும் காரணம் இதுதான். அங்கே போனால் சமத்துவம் கிடைத்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாதச் சம்பளம் இல்லாதவர் மனைவி, பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிற பொறியியல் பட்டதாரிகளின் கதை வேறு. அவர்கள் பெரும்பாலும் முதலில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அங்கிருந்து கிளம்புகிறவர்கள். பலருக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. அவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் விமானத்தோடு வந்ததும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், தெரிந்தவன், சில நேரம் உறவுக்காரன். அவன் கொடுத்த முன்பணமே கடனாகிக் கூலியைப் பிடித்து வைத்தது. இன்று விசா எடுத்து அனுப்பும் சித்தப்பாவை அவனோடு சேர்ப்பது நியாயமில்லை. ஆனால் நம்பிக்கை உறவின் வழியே போகிறது, கடன் போகிறவரின் தலையில் ஏறுகிறது என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது.

அந்தக் கடனைப் பற்றித்தான் அரசாங்கத்திடம் பேச வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம் என்பது விதி. ஆனால் ஊருக்குள் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் பதிவே இல்லாத துணை ஏஜெண்டு. அவர் வாங்குவது இதைப்போல் பல மடங்கு, அதற்கு ரசீதும் கிடையாது. அந்தப் பணம் மாதம் மூன்று வட்டிக்கு வாங்கியது. முதல் ஒன்றரை ஆண்டுச் சம்பளம் அதற்கே போய்விடுவதால்தான், கொடுமை இருந்தாலும் பலர் திரும்பி வருவதில்லை.

ஜனவரி 12-ஆம் தேதி அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம், நல்லது. பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், பதிவு பெற்ற ஏஜெண்டின் ரசீதையும் வேலை ஒப்பந்தத்தையும் காட்டுகிறவருக்குக் குறைந்த வட்டியில் பயணக் கடன் கொடுக்கலாமே. ரசீது தந்தால்தான் கடன் என்று வந்துவிட்டால், ரசீது தராத ஏஜெண்டிடம் போக வீட்டில் இருக்கிறவர்களே தயங்குவார்கள். கடன் திரும்பி வராது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: மாதம் மூன்று வட்டிக்குத் தனியாரிடம் வாங்கியதை ஒழுங்காகக் கட்டி முடிக்கிற அதே குடும்பம், சங்கத்துக்கு மட்டும் ஏன் கட்டாமல் போகும்?