ஹோமோசிஸ்டீன் குறைந்தால் மாரடைப்பு வராதா?

ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை பி12, ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரையால் குறைத்துவிட்டால் மாரடைப்பு வராது, கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டாம் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்.

அண்ணா, ரத்தத்தில் இந்த அமினோ அமிலம் கூடுதலாக இருப்பவர்களிடம் இதய நோய் அதிகம் காணப்படுவது உண்மைதான். அந்த மாத்திரைகள் அதைக் குறைப்பதும் சரி. ஆனால் அது குறைந்ததால் மாரடைப்பு குறையவில்லை. 2006-இல் வெளியான ஹோப்-2 ஆய்வில் 5,522 பேரைச் சராசரியாக 5 ஆண்டுகள் பார்த்தார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. (பக்கவாதம் மட்டும் ஓரளவு குறைந்தது.) அதே ஆண்டு நார்வேயில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 3,749 பேரிடம் நடந்த நார்விட் ஆய்விலும் பலன் இல்லை.

நீங்களே பார்க்கலாம். காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அமைப்பு. கூகுளில் 'Cochrane homocysteine' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். 15 ஆய்வுகள், 71,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த 2017 தொகுப்பு வரும். எளிய சுருக்கத்தைக் காசில்லாமல் படிக்கலாம்.

பாலக்கோட்டில் என் மாமா இப்படித்தான் ஒரு தகவலை நம்பி, லேப் ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீன் வரியைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். டாக்டர் எழுதிய அட்டோர்வாஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டை டிவி பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது. எனக்குப் பதறிவிட்டது. பி12 குறைவாக இருந்தால் அதற்கான மாத்திரை தேவைதான், போடுங்கள். இதய மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.