குழந்தைங்கன்னா உயிர், சரி. ஆயாவைப் பிடிக்குமா?

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். நேற்று வந்து, "அக்கா, மேல்படிப்புக்குப் பீடியாட்ரிக்ஸ், அதான் குழந்தை மருத்துவம், எடுக்கட்டுமா? எனக்குக் குழந்தைங்கன்னா உயிர்" என்றாள். அவள் அம்மா ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டார்: எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், எம்டி 3, அதற்கும் மேல் பச்சிளங்குழந்தை, இதயம் என்று ஒரு தனிப்பிரிவில் டிஎம் போனால் இன்னும் 3. நடுவில் நீட் பிஜி, நீட் எஸ்எஸ் என்று நுழைவுத் தேர்வுகள். கல்யாணம் எப்போது என்பதுதான் அவர் கவலை.

என் கவலை வேறு. பழைய வண்ணாரப்பேட்டையில் என் கிளினிக்குக்கு எந்தக் குழந்தையும் தனியாக வருவதில்லை. அம்மா, ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் சொல்வோம்), அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு படையே வரும். நோயாளி அழ மட்டும் செய்யும். நோயை மற்ற நால்வரும் நான்கு விதமாகச் சொல்வார்கள். ஆயா மாந்தம், அதாவது செரிக்காத கோளாறு, என்பார். உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று நாட்டு வைத்தியரிடம் தொக்கம் எடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ஆரம்பத்தில் அதற்குத் திட்டினேன். அப்புறம் எதையுமே என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நஷ்டம் எனக்குத்தான்.

போன மழைக்காலத்தில் 8 கிலோ குழந்தை, காய்ச்சல். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆக 120. சிரப்பில் அது 5 மில்லி. வீட்டில் சிரப் தீர்ந்து, கடையில் டிராப்ஸ் வாங்கியிருக்கிறார்கள். டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதையும் அதே 5 மில்லி ஊற்றிவிட்டார்கள், 120-க்குப் பதில் 500. அம்மா "மருந்து குடுத்தேன் டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஆயாதான் முந்தானையிலிருந்து பாட்டிலை எடுத்து, "இது இன்னா சின்னதா கீது?" என்றார். நல்லவேளை, ஒரு வேளையோடு போயிற்று.

மூச்சு எண்ணுவதும் அப்படித்தான். சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்க்க வேண்டும். 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டால் சும்மா விடக்கூடாது. நான் எண்ணும்போது, "வாட்சையே பாத்துக்கினு கீறாங்களே" என்று பின்னால் முணுமுணுப்பு கேட்கும். அதற்குள் எண்ணிக்கை தப்பும். திரும்ப முதலிலிருந்து.

குழந்தைகளைக் கொஞ்ச டாக்டராக வேண்டியதில்லை, சித்தியாக இருந்தால் போதும். கிலோ கணக்கில் பிடிவாதமும், கிழவிகளின் பேச்சைக் கேட்கிற காதும் இருந்தால் தாராளமாக எடுக்கட்டும். டிஎம் பற்றிப் பிறகு பேசலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டு வேண்டாம், பார்த்தாலே அலறும். துவைத்தால் கறை போகிற சுடிதாராகப் போட்டுக்கொண்டு வா என்றேன்.