ஐஎஃப்எஸ்தான், ஆனால் 'அந்த' ஐஎஃப்எஸ் இல்லை

அக்கா மகள் மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு எழுதி, வெளியுறவு அமைச்சகத்தில் ஏஎஸ்ஓவாக, அதாவது உதவிப் பிரிவு அதிகாரியாகச் சேர்ந்திருக்கிறாள். ஐஎஃப்எஸ் என்னும் இந்திய வெளியுறவுப் பணியில் அம்பாசிடராகப் போகும் அதிகாரிகள் ஒரு பிரிவு; அவளுடையது அலுவலக வேலை பார்க்கும் 'பி' பிரிவு. கிருத்திகையன்று டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் தெரிந்த மாமி ஒருவர் விசாரித்தார். "ஐஎஃப்எஸ்ஸா? அப்போ அம்பாசிடர் ஆயிடுவாளா?" "இல்ல மாமி, இது ஐஎஃப்எஸ் பி." "ஓ... கிளார்க்கா!" அந்த 'ஓ' இன்னும் காதில் நிற்கிறது.

இத்தனைக்கும் மாமியின் மாமனாரே டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் பாஸ் செய்த தெம்பில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லிக்கு வந்தவர். சந்நிதியில் நின்றுகொண்டு அதைச் சொல்லிக்காட்ட மனம் வரவில்லை.

ஐஎஃப்எஸ் அதிகாரி ஒருவர் மேடையில் சுடச்சுடப் பதில் சொன்னால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொண்டாடுகின்றன. சரி, கொண்டாடட்டும். அதற்கு வேண்டிய பழைய ஃபைலைத் தேடியெடுத்து, நோட் போட்டு, மேலே அனுப்புகிறவர் செக்‌ஷனில் இருக்கிறார். தூதரகத்தின் அலுவல் தபால் போகும் தூதரகப் பையைத் திறக்கவோ தடுத்து வைக்கவோ கூடாது என்கிறது, தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு. அந்தப் பையைக் கட்டி அனுப்பும் வேலையை அம்பாசிடர் செய்வதில்லை. அதே உடன்படிக்கை 'நிர்வாக, தொழில்நுட்பப் பணியாளர்' என்று ஒரு வகையைத் தனியாகப் பிரித்து, சிவில் வழக்கிலிருந்து அவர்களுக்குள்ள பாதுகாப்பை அலுவல் காரியங்களோடு நிறுத்திவிடுகிறது. உலக நாடுகளே அப்படி எழுதிவைத்திருக்கும்போது மாமியை மட்டும் நொந்து என்ன செய்ய?

எங்கள் பக்கத்து வீட்டு ராமநாதபுரத்துக்காரரின் தம்பி வளைகுடாவில் இறந்துபோனார். உடல் ஊருக்கு வர இறப்புச் சான்று, குடும்பத்தாரின் சம்மதக் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். அப்பா பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. அங்கே தூதரகத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளர் தமிழர். அவரே இறந்தவரின் அம்மாவுக்கு போன் போட்டு, அழுது முடிக்கும்வரை காத்திருந்து, எந்தத் தாளை எப்படித் திருத்தி அனுப்பவேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அந்த வீட்டைப் பொறுத்தவரை இந்திய அரசு என்றால் அவர்தான்.

ஐஎஃப்எஸ் அதிகாரிகளுக்கு ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். நல்ல ஏற்பாடு. ஆனால் வளைகுடாவில் பாஸ்போர்ட், சான்று போன்ற வேலைகளுக்காகத் தூதரகத்தின் கன்சுலர் கவுன்ட்டருக்கு வரும் நம் ஆட்களுக்கு பிரெஞ்சு எதற்கு? அங்கே தமிழோ மலையாளமோ தெலுங்கோ பேசத் தெரிந்த ஒருவரை உட்காரவைப்பதை விதியாகவே போட வேண்டும் என்பது என் கட்சி.

அக்கா மகளுக்கு முதல் வாரம் டயரி-டிஸ்பாட்ச், அதாவது வரும் போகும் கடிதங்களைப் பதிவு செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். வந்த கடிதத்துக்கு எண் போடுவதிலேயே ஒருநாள் ஓடிவிட்டதாம். இதை மாமியிடம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன், அடுத்த கிருத்திகைக்கும் வருவார்.